தேக்கு பீரோவுக்குள் கேம் மெஷின்: எந்தத் திரை வைப்பது?

நீங்கள் கேட்டதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டில் சும்மா கிடக்கும் பழைய தேக்கு பீரோவை, சின்ன வயதில் ஒரு ரூபாய் போட்டு ஆடிய மாதிரி ஒரு ஆர்கேட் மெஷினாக மாற்றப் போகிறீர்கள். பீரோவின் உள் அகலம் 68 செ.மீ. கையில் ஆபீசில் கழித்துக்கட்டிய 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று இருக்கிறது. நண்பர் 32 இஞ்ச் டிவி வாங்கச் சொல்கிறார். மச்சானோ டியூப் டிவிதான் ஒரிஜினல், மற்றதெல்லாம் வேஸ்ட் என்கிறார். ஆடப்போவது முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர், அப்புறம் கொஞ்சம் பேக்மேன், கேலகா. எதை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "ஆசாரி வரும் வாரம் வருகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். எந்த அளவுக்கு மரத்தை அறுக்கச் சொல்வது? மானிட்டரை மாற்றிக்கொள்ளலாம், அறுத்த தேக்கை ஒட்ட முடியாது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் டிவி, மானிட்டர் ரிப்பேர்தான் என் தொழில். தொண்ணூறுகளில் கேம் கடை மெஷின்களுக்கும் கை வைத்திருக்கிறேன், இப்போது ஆசைக்காகச் செய்கிறவர்களுக்குத் திரை பொருத்திக் கொடுக்கிறேன்.

முதலில் இஞ்சை மறந்துவிடுங்கள். அது மூலைக்கு மூலை அளவு, அகலத் திரைக்கும் சதுரத் திரைக்கும் அதை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நீங்கள் சொன்ன கேம் எல்லாமே 4:3 விகித டியூபில் (ஒரு பக்கம் 4 பங்கென்றால் மறுபக்கம் 3) காட்டப்பட்டவை, இன்றைக்குக் கடையில் கிடைப்பதோ 16:9. ஆகவே படத்தின் உயரம் என்ன என்று மட்டும் பாருங்கள். 24 இஞ்ச் அகலத் திரையின் உயரம் சுமார் 30 செ.மீ., அதற்குள் 4:3 படம் 40-க்கு 30 வரும். பழைய 19 இஞ்ச் சதுர மானிட்டர், அந்த 1280-க்கு 1024 வகை, கிட்டத்தட்ட 37.5-க்கு 30 இருக்கும், அதில் படம் 37.5-க்கு 28 வரும். 21 இஞ்ச் டியூப் டிவியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி குறுக்காக 51 செ.மீ., அதாவது ஏறக்குறைய 41-க்கு 30. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுப் படம்தான்! 19-ஐ விட 24 ரொம்பப் பெரிசு என்று காசு கொடுத்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மாற்றியபின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான் அதிகமாகியிருக்கும்.

நிஜமாகவே படம் பெரிசாக வேண்டுமென்றால் 27 இஞ்சில் 4:3 படம் 45-க்கு 33.5 வரும், 32-இல் 53-க்கு 40. ஆனால் 32 இஞ்ச் டிவியின் வெளி அகலமே 72 செ.மீ. பக்கம் இருக்கும், உங்கள் பீரோவின் 68-க்குள் போகாது. பக்கப் பலகையைத் தொடாமல் நண்பரின் யோசனைக்கு வழியில்லை. போனாலும் நான் தயங்குவேன். மெஷின் முன்னால் நின்று ஆடும்போது கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 60, 70 செ.மீ.தான் இருக்கும், அவ்வளவு கிட்டத்தில் 40 செ.மீ. உயரப் படம் என்றால் மேலே ஸ்கோரையும் கீழே ஆளையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. இது கணக்கு இல்லை, என் அபிப்பிராயம். தள்ளி உட்கார்ந்து ஆடுவதானால் 32 நன்றாகவே இருக்கும்.

இன்னொரு சிக்கல் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன பேக்மேனிலும் கேலகாவிலும் இருக்கிறது. அவை நெட்டுக்குத்தான கேம்கள். 1980-இல் வந்த பேக்மேன் 224-க்கு 288 புள்ளி, மெஷினுக்குள் டியூபையே 90 டிகிரி திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். கேலகாவும் (1981) அப்படித்தான். அதைக் கிடைமட்ட 24 இஞ்சில் போட்டால் உயரம் 30, அகலம் வெறும் 22 செ.மீ., நடுவில் ஒரு பட்டை மாதிரி நிற்கும். 27-இல் 33.5-க்கு 25. ஒரிஜினல் 19 இஞ்ச் டியூபில் இதைவிடக் கொஞ்சம் பெரிசாகத் தெரியும், ஆனாலும் உறுத்தாது, ஆடலாம். சிலர் மானிட்டர் திருகும்படி சுழல் மாட்டி வைக்கிறார்கள். 24 இஞ்சைத் திருப்பினால் பேக்மேன் 30-க்கு 40 என்று பிரமாதமாக வரும். அதற்குத் திரையைச் சுற்றி வட்டமாக இடம் விட வேண்டும், வயர் முறுக்கிக்கொள்ளும், முன்னால் மறைப்புப் பலகையையும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். முஸ்தபா முக்கியம், பேக்மேன் எப்போதாவது என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்த வேலையே வேண்டாம்.

ஆக என் பதில்: பீரோவை 27 இஞ்ச் மானிட்டருக்கு இடம் விட்டு அறுங்கள், இப்போதைக்குக் கையிலிருக்கும் 24-ஐ வைத்து ஆரம்பியுங்கள். 27-இன் வெளி அகலம் பெரும்பாலும் 61, 62 செ.மீ., 68-க்குள் வசதியாக உட்கார்ந்துவிடும். திரைக்கான சதுர ஓட்டையைத் தேக்கில் போடவே போடாதீர்கள். பீரோவின் வாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, அதற்குள் கழற்றி மாட்டுகிற ஒரு ப்ளைவுட் பலகை, அதில்தான் ஓட்டை. மானிட்டர் மாறினால் அந்தப் பலகை மட்டும் மாறும், ஒரு காலை நேர வேலை, அவ்வளவுதான். திரையைத் தாங்க வெசா மவுண்ட் போதும். பின்பக்கம் 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மி.மீ. தூரத்தில் நான்கு திருகு ஓட்டை இருக்கும், பெரும்பாலும் எம்4 திருகு. இரண்டு அளவுக்கும் ஓட்டை போட்ட ஒரு இரும்புத் தகட்டைக் குறுக்குக் கட்டையில் அடித்துவிட்டால் எந்த மானிட்டரும் வந்து உட்காரும். வாங்கும் மானிட்டரில் அந்த நான்கு ஓட்டை உண்டா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், மலிவான சிலவற்றில் இருக்காது.

இனி, எந்த 27 என்பது. இங்கேதான் முஸ்தபா வருகிறது. கேப்காம் 1993-இல் விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான் அது, நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய அதே சிபிஎஸ்-1 குடும்பத்து கேம் போர்டு, படம் 384-க்கு 224 புள்ளி. அதை 4:3-க்குள் அமுக்கிக் காட்டுகிறார்கள், அதனால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்காது. 1080 வரி உள்ள திரையில் 224-ஐ நான்கு மடங்காக்கினால் 896, ஐந்து மடங்கு 1120, அது வெளியே போய்விடும். நான்கு மடங்கோடு நிறுத்தினால் 24 இஞ்சில் படம் 25 செ.மீ. உயரத்துக்குச் சுருங்கும். திரை முழுக்க நீட்டினால் சில வரி தடிமனாகவும் சில வரி மெல்லிசாகவும் வந்து, ஆள் நடக்க நடக்கப் பின்னணி மினுமினுக்கும். 1440 வரி உள்ள 27-இல் ஆறு மடங்கு 1344, கிட்டத்தட்ட முழு உயரமும் நிறைந்துவிடும். அகலவாட்டில் அங்கேயும் முழு மடங்கு வராது, ஆனால் புள்ளிகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது குறைவு. 240 வரி கேம்களுக்கு 1440 சரியாக ஆறு மடங்கு. டியூபின் கோடு கோடான தோற்றத்தைப் போலி செய்யும் ஷேடர்கள் போட ஆசை இருந்தாலும் 1440-இல்தான் அது எடுபடும். ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர் போர்டு வைத்திருந்தால் கனமான ஷேடர்கள் அதற்குத் தாங்காது, ஷார்ப்-பைலினியர் மாதிரி லேசான ஒன்றைப் போட்டால் மினுமினுப்பு அடங்கிவிடும். உங்கள் 24-க்கும் அதுவே மருந்து. சதுர 19 இஞ்சுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. 320-க்கு 240 கேம் நான்கு மடங்கில் 1280-க்கு 960, அந்தத் திரைக்கென்றே அளவெடுத்த மாதிரி உட்காரும். மதுரை, திருச்சி பழைய கம்ப்யூட்டர் கடைகளில் இன்னும் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உள்ளே குழல் விளக்கு எரிகிற ரகம், இத்தனை வருஷத்தில் மங்கி மஞ்சளடித்திருக்கும், எத்தனை நாள் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பேனல், அதாவது படம் தெரியும் தகடு, டிஎன், ஐபிஎஸ், விஏ என்று மூன்று வகை. எது என்பது ரொம்ப முக்கியம், இதை யாரும் உங்களிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். மூன்று பேர் நின்றால் ஓரத்து ஆட்கள் திரையைச் சாய்வாகத்தான் பார்ப்பார்கள், நிற்பதால் எல்லோருமே கொஞ்சம் மேலேயிருந்து பார்ப்பார்கள். டிஎன் பேனல் என்றால் மேல் கீழ் கோணம் மாறினாலே நிறம் வெளுக்கும் அல்லது கறுக்கும். ஐபிஎஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சியில் வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் சிலவற்றில் வரும், எல்லா மாடலிலும் இல்லை. உங்கள் ஆபீஸ் மானிட்டர் எது என்று பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள். முகம் தெரியும் ஒரு போட்டோவைத் திறந்துவைத்து மேலேயிருந்து, கீழேயிருந்து, இரண்டு பக்கத்திலிருந்து பாருங்கள். கீழேயிருந்து பார்க்கும்போது முகம் நெகட்டிவ் மாதிரி கறுத்தால் அது டிஎன். அப்படியென்றால் அதை மூன்று பேர் மெஷினில் நிரந்தரமாக வைக்காதீர்கள். ஓஎல்ஈடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேபினட்டில் அதை நான் வைத்துப் பழகியதில்லை. ஆனால் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும் ஸ்கோரும் உயிர்ப்பட்டையும் அதில் தழும்பாகப் பதியும் ஆபத்து உண்டு என்பது தெரிந்த விஷயம், அந்தக் காசை வேறு எதிலாவது போடுங்கள்.

வீடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பீரோ இருப்பது வளவு (நடுமுற்றம்) ஓரத்தில் என்றால், பகலில் மேலேயிருந்து வானத்து வெளிச்சம் நேராகக் கொட்டும். ஆர்கேட் மெஷினில் திரையைப் பின்னால் சாய்த்து வைப்பதுதான் வழக்கம், சாய்த்த கண்ணாடி அந்த வானத்தை அப்படியே பிடித்து உங்கள் முகத்தில் அடிக்கும். பளபளப்பான திரையோ முன்னால் பளபளப்பான கண்ணாடியோ வைத்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் முகத்தைத்தான் பார்த்து ஆடுவீர்கள். மேட் பூச்சு உள்ள மானிட்டராக எடுங்கள், சாய்வைக் குறையுங்கள், திரைக்கு மேலே பீரோவின் நெற்றிப் பலகையை ஒரு சாண் முன்னால் தள்ளி இறக்குங்கள். எவ்வளவு சாய்வு என்று என்னிடம் எண் கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு மாறும். பீரோ நிற்கப்போகும் இடத்திலேயே மானிட்டரைக் கையில் பிடித்துப் பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆசாரிக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். முடிந்தால் பட்டாலைக்குள், அதாவது கூரைக்கு அடியிலுள்ள உள்திண்ணைக்குள் தள்ளி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வையுங்கள்.

தாமதம். பட்டனை அமுக்கியபின் திரையில் அடி விழும் வரைக்கும் ஆகும் நேரம். பெட்டியில் பெரிசாக 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருப்பது இது இல்லை, அது புள்ளி நிறம் மாறும் வேகம். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் என்றால், ஒரு ஃப்ரேம் (ஒரு படம்) 16.7 மில்லிசெகண்ட். டிவிகள் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று உள்ளே பல ஃப்ரேம் உட்கார்ந்து யோசிக்கும், கேம் மோட் போட்டால் குறையும், அந்த மோட் இல்லாத டிவி என்றால் கையிலேயே எடுக்காதீர்கள். மானிட்டர்களில் இது பொதுவாகச் சின்ன விஷயம். ஆனால் மாடலுக்கு மாடல் மாறும், அளந்து பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். அளப்பது சுலபம்: போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்து, பட்டனை அமுக்கும் விரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்து, விரல் அமுங்கியதிலிருந்து ஆள் அசையும் வரைக்கும் எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். இதில் பட்டன், யூஎஸ்பி போர்டு, கேம் எல்லாவற்றின் தாமதமும் சேர்ந்துதான் வரும், அதனால் தனி எண்ணுக்கு அர்த்தம் குறைவு. ஒரே போர்டு, ஒரே கேமை இரண்டு திரையில் மாற்றி மாற்றி எடுத்தால் வரும் வித்தியாசம்தான் திரையுடையது. கூடவே கேமின் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் மாதிரி வசதி உள்ள மானிட்டர் அதே விலையில் கிடைத்தால் எடுங்கள். மோர்ட்டல் காம்பாட் மாதிரி 54.7 ஹெர்ட்ஸில் ஓடும் கேம்கள் 60-இல் லேசாகத் திக்கும், இது அதைச் சரிசெய்யும், நீங்கள் ஓட்டுகிற கம்ப்யூட்டரும் ஒத்துழைத்தால். முஸ்தபா ஏறக்குறைய 60-தான், அதற்கு இது தேவையில்லை.

மச்சானுக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டியூபில் அசைவு துல்லியம், தாமதம் கிட்டத்தட்ட இல்லை, கோணம் பற்றிய கவலையே இல்லை, அந்த ஒளிர்வு வேறெதிலும் வராது. ஆனால் கேம் கடை மெஷினில் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில் டியூபுக்குப் போகும். நம் வீட்டு டிவியில் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒற்றை மஞ்சள் ஏவி குழி, அதில் நிறமும் ஓரமும் கசிந்துதான் வரும். நம் டிவிகள் 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்குச் செய்தவை. பிந்திய மாடல்கள் பல 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி முறையையும் ஏற்கும், பழசு ஏற்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். உள் ஆழமும் பாருங்கள், 21 இஞ்ச் பெட்டிக்கு அரை மீட்டர் கிட்ட வேண்டும், உங்கள் பீரோ அவ்வளவு ஆழமா என்று எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, டிவியின் கூட்டைக் கழற்றித்தான் பீரோவுக்குள் பொருத்த முடியும். டியூபின் மேல்புற ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கியபிறகும் அந்தச் சார்ஜ் அங்கேயே நிற்கும். கழுத்தில் லேசாக அடிபட்டால் டியூப் செத்தது, மோசமாக அடிபட்டால் கண்ணாடி சிதறும். புது டியூப் இனி வரப்போவதில்லை. மச்சான் ஆசைப்பட்டால் டிவியை முழுசாக, கூட்டோடு ஒரு ஸ்டாண்டில் வைத்து ஏவி வயர் போட்டு ஆடச் சொல்லுங்கள். பீரோவுக்குள் வேண்டாம். இதை ரிப்பேர்காரனாகவே சொல்கிறேன்.

உங்கள் வீடு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் திறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இன்னும் இரண்டு சோதனை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள், மானிட்டர் தானாக எழுந்து வருகிறதா? பெரும்பாலான மானிட்டர்கள் வரும். பல டிவிகள் ஸ்டாண்ட்பையில் நின்று ரிமோட்டைக் கேட்கும், ஸ்மார்ட் டிவி என்றால் தன் முகப்புப் பக்கத்தைக் காட்டும். திரை பீரோவுக்குள் போனபின் பின்னால் கைவிட்டுப் பட்டன் தேடுவது பெரிய இம்சை. இரண்டாவது, அந்தக் கால வீடுகளில் பல அறைகளுக்கு எர்த் வயரே போயிருக்காது. பட்டன் பலகையோ காசுப் பெட்டியோ இரும்பில் வைத்தால் எர்த் இழுக்காமல் ஓட்டாதீர்கள், குழந்தைகள் அத்தங்குடித் தரையில் வெறுங்காலோடுதான் நின்று ஆடும். பூட்டிப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், இடி மின்னலில் போகும் போர்டுகள்தான் என் கடைக்கு அதிகம் வருபவை. பீரோவின் அடியிலும் உச்சியிலும் காற்றோட்ட ஓட்டை விட்டு, பல்லியும் எறும்பும் நுழையாதபடி கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள்.

திரைக்கு முன்னால் கண்ணாடி வேண்டுமா என்றால், குழந்தைகள் இருக்கும் வீடாதலால் ஆம். 3 மி.மீ. அக்ரிலிக் லேசானது, சுலபத்தில் உடையாது, ஆனால் துணியால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். 4 அல்லது 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி கனம், ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். டஃபன் செய்தபிறகு அதை வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, அதனால் ப்ளைவுட் பலகையை மாட்டிப் பார்த்து அளவு முடிவானபிறகே ஆர்டர் கொடுங்கள். 4:3 படத்தின் இரண்டு பக்கமும் மிஞ்சும் பட்டையைக் கறுப்பு மவுண்ட் போர்டால் மூடிவிடுங்கள், ஐபிஎஸ்ஸின் கறுப்பு ராத்திரியில் சாம்பலாகத்தான் தெரியும். ஆசாரி வருமுன் பீரோவின் உள் ஆழத்தையும், முகம் கறுக்கிறதா என்ற அந்த போட்டோ சோதனையின் முடிவையும் இங்கேயே எழுதுங்கள், பலகைக்கு அளவு போட்டுத் தருகிறேன்.